அட்மின் பொறுப்பை யாரிடம் கொடுப்பது? – வாசகர் கேள்வி பதில்

பலர் கூடி இணையத்தில் ஒன்றை உருவாக்கும்போது வரும் சிக்கல்களைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். தொண்டி தொடங்கி வாலிநோக்கம் வரை கடற்கரை ஊர்களிலிருந்தே அதிகம் வந்திருக்கிறது. விக்கி, வாட்ஸ்அப், டெலிகிராம் என்று இடம் மாறினாலும் பெரும்பாலான கேள்விகள் ஒரே இடத்தில் போய் நிற்கின்றன: சம்பளமில்லாத இந்த அட்மின் (நிர்வாகி) வேலைக்கு ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது? இந்த இதழில் அதற்கு மட்டும் பதில்.

தமிழ் விக்கிப்பீடியாவில் பாக் நீரிணை மீன்கள், கடற்பாசிகள் பற்றி எழுதிவருகிறேன். ஆயிரம் தொகுப்பு தாண்டிவிட்டது. நிர்வாகி ஆக இன்னும் எத்தனை வேண்டும்?
– வாசகர், தேவிபட்டினம்

எண்ணிக்கை முதல் வடிகட்டல்தான். ஆயிரத்தில் தொள்ளாயிரம் காற்புள்ளித் திருத்தமாகவும் இருக்கலாம். அது வாக்களிப்பவர்களுக்குத் தெரியும். உங்கள் பங்களிப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்வார்கள்.

நிர்வாகிக்குக் கூடுதலாகக் கிடைப்பவை சில கருவிகள். பக்கத்தை நீக்கலாம், நீக்கியதை மீட்கலாம், பக்கத்துக்குப் பூட்டுப் போடலாம், தொல்லை தரும் கணக்கைத் தடை செய்யலாம், முதற்பக்கம் போன்ற பூட்டிய பக்கங்களைத் திருத்தலாம். நல்ல கட்டுரை எழுத இவற்றில் ஒன்றுகூடத் தேவையில்லை. அதனால் 'நன்றாக எழுதுகிறார்' என்பது நிர்வாகியாக்கப் போதுமான காரணம் ஆகாது. விக்கிப்பீடியர்கள் இந்தப் பொறுப்புக்கு அடையாளமாகத் துடைப்பத்தை வைத்திருப்பது விளையாட்டுக்கு மட்டுமல்ல.

சரி, எதைப் பார்க்கிறார்கள்? ஓர் உதாரணம். ஆவுளியா (கடற்பசு) கட்டுரையில் யாரோ ஒரு புதியவர் 'இதன் இறைச்சி பல நோய்களுக்கு மருந்து' என்று சான்றில்லாமல் சேர்த்துவிட்டார். ஒருவர் சத்தமில்லாமல் அதை அழிக்கிறார். இன்னொருவர் 'குப்பை' என்று தொகுப்புச் சுருக்கம் எழுதி அழிக்கிறார். மூன்றாமவர் 'சான்று இல்லை. இது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம்' என்று காரணம் எழுதி அழித்துவிட்டு, அந்தப் புதியவரின் பேச்சுப் பக்கத்தில் சான்று சேர்ப்பது எப்படி என்று இரண்டு வரி போடுகிறார். மூவர் செய்ததும் ஒரே அழிப்புதான், ஆனால் கருவியை நம்பிக் கொடுக்கத்தக்கவர் மூன்றாமவர். இதைவிடவும் முக்கியமாகப் பார்ப்பது, உங்கள் தொகுப்பை இன்னொருவர் மாற்றியபோது நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை. உடனே பழையபடி மாற்றினீர்களா, பேச்சுப் பக்கத்துக்குப் போனீர்களா? அது வரலாற்றில் அப்படியே கிடக்கும். தேர்தலுக்கு முந்தைய வாரம் திருந்தினாலும் மறையாது.

நடைமுறை எளிது. வேண்டுகோள் பக்கத்தில் நீங்களோ வேறொருவரோ பெயரை முன்மொழிய வேண்டும், நீங்கள் ஏற்க வேண்டும், பிறர் கேள்வி கேட்பார்கள், காரணத்தோடு ஆதரவு, எதிர்ப்பு, நடுநிலை பதிவாகும். முடிவில் 'அதிகாரி' எனும் பொறுப்பில் உள்ளவர் எல்லாவற்றையும் படித்து அணுக்கம், அதாவது அந்தக் கருவிகளுக்கான உரிமை, தருவார். அதிகாரி இல்லாத சிறிய விக்கிகளில் எல்லாத் திட்டங்களுக்கும் பொதுவான ஸ்டுவர்டுகள் தருவார்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் இது ஏழு நாள் நடக்கும். 75 சதவீதத்துக்கு மேல் ஆதரவு இருந்தால் பெரும்பாலும் கிடைக்கும், 65க்குக் கீழே போனால் பெரும்பாலும் கிடைக்காது, இடையில் நின்றால் காரணங்களை எடைபோடுவார்கள். ஒவ்வொரு மொழி விக்கிக்கும் தனி விதி. தமிழ் விக்கியின் கொள்கைப் பக்கத்தையும், கடைசியாக நடந்த ஐந்தாறு வேண்டுகோள்களையும் வரிவிடாமல் படியுங்கள். அங்கே எழுந்த எதிர்ப்புகள்தான் உங்களுக்கான பாடத்திட்டம்.

எப்போது நிற்கலாம் என்றால், அண்மைய மாற்றங்களைக் கண்காணித்து, நீக்க வேண்டியவற்றுக்கு அறிவிப்பு வார்ப்புரு இட்டு, 'இதை யாராவது நிர்வாகி செய்துதாருங்கள்' என்று வாரத்துக்கு இரண்டு மூன்று முறை கேட்க வேண்டிய நிலை வரும்போது. அந்தத் தேவை வராதவரை கருவி கையில் இருந்தும் பயனில்லை.

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் ஆட்கள் நாற்பது பேர் சேர்ந்து மீன் பெயர், காற்றுப் பெயர், பாசிப் பெயர் எல்லாம் தொகுக்கும் சின்ன விக்கி ஒன்று தொடங்கியிருக்கிறோம். ஆரம்பித்துவைத்த அண்ணன் ஒருவரே எல்லாவற்றையும் பார்க்கிறார். 'இனி நீங்களே ஆளைத் தேர்ந்தெடுங்கள்' என்கிறார். எப்படி நடத்துவது?
– வாசகி, தங்கச்சிமடம்

அந்த அண்ணன் நல்லவர். பல குழுக்களில் தொடங்கியவர் இதைச் சொல்வதே இல்லை.

முதலில் பெயர் எதுவும் பேசாமல் விதியை எழுதுங்கள். எத்தனை பேர், என்ன அதிகாரம், எவ்வளவு காலம், எப்படி இறக்குவது என்ற நான்கும் ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். யார் யார் நிற்கிறார்கள் என்று தெரிந்தபின் விதி எழுதினால், ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவரைக் குறிவைத்து எழுதியதாகவே தெரியும்.

நாற்பது பேருக்கு மூன்று நிர்வாகிகள் போதும். ஒருவர் என்றால் அவர் காய்ச்சலில் படுத்த அன்று தளம் அநாதை. இருவர் என்றால் ஒத்துப்போகாத அன்று வேலை நின்றுவிடும். ஐந்துக்கு மேல் போனால் 'மற்றவர் பார்த்துக்கொள்வார்' என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள். உங்கள் பக்கத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று முறை இருக்கிறதல்லவா? மூவரும் விசைப்படகுக்காரர்களாக இருந்தால் அந்த இரவுகளில் ஒருவர் கைப்பேசியிலும் சிக்னல் இருக்காது. விசைப்படகு, நாட்டுப்படகு, கரையில் இருப்பவர் என்று கலந்து வந்தால் ஏழு நாளும் ஒருவர் இருப்பார். இதை விதியாகக் கட்டாயப்படுத்த வேண்டாம். முன்மொழியும்போது நினைவில் வைத்தால் போதும்.

வாக்காளர் பட்டியலை அறிவிப்புக்கு முந்தைய நாளோடு பூட்டுங்கள். அந்தத் தேதிக்கு முன் சேர்ந்து, குறைந்தது பத்துத் திருத்தமாவது செய்தவருக்கே வாக்கு. இந்த ஒரு வரி இல்லாவிட்டால் கடைசி இரண்டு நாளில் மச்சான், மாப்பிள்ளை, கூடப் படித்தவர் என்று முப்பது புதுக் கணக்கு முளைக்கும்.

மூன்று வாரம் எடுத்துக்கொள்ளுங்கள்: முன்மொழிவுக்கு ஒன்று, கேள்விக்கு ஒன்று, வாக்குக்கு ஒன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் இருக்கும். அதற்குள் நடத்தினால் பங்கேற்பு கூடும்.

கேள்வி வாரம்தான் முக்கியம், அதில் நேரத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். 'ஏன் நிர்வாகியாக விரும்புகிறீர்கள்?' என்று கேட்டால் எல்லோரும் 'சேவை' என்பார்கள். நடக்கக்கூடியதைக் கேளுங்கள். உங்கள் தளத்துக்குப் பொருந்தும் மூன்று:

ஒன்று. ஒரே மீனுக்குப் பாம்பனில் ஒரு பெயர், கீழக்கரையில் வேறு பெயர். இருவர் மாற்றி மாற்றித் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். என்ன செய்வீர்கள்? இரண்டு பெயரையும் ஊரோடு குறித்து, இருவரையும் பேச்சுப் பக்கத்துக்கு அழைப்பேன் என்பவர் தேறினார். 'எங்கள் ஊர்ப் பெயர்தான் சரி' என்பவருக்கு மீன் தெரியும், நிர்வாகம் தெரியாது.

இரண்டு. உங்கள் மாமா மகன் இன்னொருவரைத் திட்டி எழுதிவிட்டார். தடை செய்வீர்களா? 'நான் தொட மாட்டேன், மற்ற இருவரில் ஒருவரைப் பார்க்கச் சொல்வேன்' என்பதே சரியான விடை. 'யாராயிருந்தாலும் தடைதான்' என்று வீரம் பேசுவது கேட்க நன்றாயிருக்கும். ஆனால் அடுத்த முறை சொந்தக்காரரை விட்டுவிட்டார் என்ற பேச்சும் அங்கிருந்துதான் கிளம்பும்.

மூன்று. யாரோ ஒரு பாரின் (கடலடிப் பாறைத் திட்டு) ஜிபிஎஸ் குறிப்பை, தலைமுறையாக அங்கே தொழில் செய்யும் குடும்பத்தைக் கேட்காமல் போட்டுவிட்டார். அந்தக் குடும்பம் எடுக்கச் சொல்கிறது. முதலில் மறைத்துவிட்டுப் பிறகு பேசுவது நல்லது. ஏனெனில் வெளியே போன எண் திரும்பாது. இங்கே தொழில்நுட்பமும் தெரிந்திருக்க வேண்டும். பக்கத்தில் அழித்தால் மட்டும் போதாது, வரலாற்றுத் தாவலில் பழைய பதிப்பு அப்படியே இருக்கும். எண் சேர்ந்த பதிப்பிலிருந்து எடுக்கும் வரையுள்ள ஒவ்வொரு பதிப்பையும் தனியாக மறைக்க வேண்டும். அந்த வசதி நிர்வாகிக்கு இயக்கப்பட்டிருக்கிறதா என்று அமைப்புகளில் இப்போதே பார்த்துவையுங்கள். மரிக்கொழுந்துப் பாசியோ கட்டக்கோரைப் பாசியோ எடுக்கும் இடங்களுக்கும் இதே எச்சரிக்கை.

வாக்கெடுப்பில் 'அதிக வாக்கு பெற்ற மூவர்' என்று வைக்காதீர்கள். எட்டுப் பேர் நின்றால், பாதிப்பேருக்குப் பிடிக்காத ஒருவர்கூட ஆறு வாக்கில் மூன்றாவதாக வந்துவிடுவார். ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே ஆதரவு, எதிர்ப்பு, நடுநிலை என்று தனித்தனியாக வையுங்கள். கணக்கில் நடுநிலையை விட்டுவிட வேண்டும். 18 ஆதரவு, 6 எதிர்ப்பு, 5 நடுநிலை என்றால் 24இல் 18, அதாவது 75 சதவீதம். எல்லை 70 என்று வைத்தால் சிறு குழுவுக்குச் சரியாக இருக்கும். பட்டியலில் பாதிப் பேராவது வாக்களித்திருக்க வேண்டும் என்பதையும் சேருங்கள். மூன்று இடத்துக்கு இருவர்தான் தேறினால் இருவரோடு தொடங்குங்கள், எல்லையைக் குறைக்காதீர்கள்.

வெளிப்படையா, ரகசியமா என்று தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். ஒருவரை ஒருவர் முகம் தெரியாத பெரிய விக்கிகளில் வெளிப்படை வாக்கு பல வருடம் ஓடியது. அங்கேயும் கேள்விக் கணைக்குப் பயந்து ஆட்கள் நிற்பது குறைந்தது. 2024 அக்டோபரில் ஆங்கில விக்கிப்பீடியா ரகசிய வாக்கெடுப்பைச் சோதித்துப் பார்த்தது. உங்கள் இடத்தில் ஏலத்தில் பார்க்கிற முகம், முன்பணம் கொடுத்த வியாபாரி, சம்பந்தி வீடு எல்லாம் ஒரே குழுவில் இருப்பார்கள். அங்கே எதிர்ப்பைப் பெயர் போட்டு எழுது என்றால் எல்லோரும் ஆதரவுதான் எழுதுவார்கள். கருத்தை வெளிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள், வாக்கு ரகசியமாக இருக்கட்டும்.

கூகுள் படிவத்தில் 'ஒருவருக்கு ஒரு பதில்' என்று வைத்தால் ஒவ்வொருவருக்கும் தனிக் கூகுள் கணக்கு வேண்டும். ஒரே கைப்பேசியைப் புருஷனும் பெண்சாதியும் வைத்திருக்கும் வீட்டில் அது சிக்கல். அதற்குப் பதில் ஆறு எழுத்துக் குறியீடுகளை உருவாக்கி, சீட்டில் அச்சிட்டு, மடித்துப் போட்டு ஆளுக்கொன்று எடுத்து, அதைப் படிவத்தில் வாக்கோடு எழுதச் சொல்லுங்கள். எந்தக் குறியீடு யாரிடம் என்று யாருக்கும் தெரியாது. ஒரே குறியீடு இருமுறை வந்தால் மட்டும் எண்ணுபவருக்குத் தெரியும். எண்ணுபவர் போட்டியிடாதவராக, முடிந்தால் குழுவுக்கு வெளியே உள்ளவராக இருக்கட்டும்.

ஆளைத் தேர்ந்தெடுத்ததோடு முடியவில்லை. விக்கிகளை இயக்கும் மென்பொருளான மீடியாவிக்கியில் 'நிர்வாகி' வேறு, பிறருக்கு அந்த அணுக்கத்தைத் தரவும் பறிக்கவும் கூடிய 'அதிகாரி' வேறு. தேர்வானவர்களுக்கு முதலாவதை மட்டும் கொடுங்கள். இரண்டாவது இருவரிடம் இருக்கட்டும். ஒருவரிடம் மட்டும் இருந்தால் அவருடைய கைப்பேசி கடலில் விழுந்த அன்று எல்லாம் முடிந்தது. உள்நுழையும்போது கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பின் மாற்றுக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி இரண்டு வீட்டில் வையுங்கள்.

அப்புறம் யாரும் யோசிக்காத ஒன்று: தளப்பெயர், அதாவது தளத்தின் இணைய முகவரி. புதுப்பிக்கச் சொல்லும் மின்னஞ்சல் தொடங்கியவரின் பெட்டிக்குத்தான் போகும், அவருடைய பழைய கார்டு காலாவதியாகியிருக்கும். சிறிய தளங்களைச் சண்டையைவிட இதுதான் அதிகம் கொல்கிறது என்பது எங்கள் எண்ணம். புதுப்பிப்புத் தேதியை மூவரின் நாட்காட்டியிலும் போடுங்கள்.

வாட்ஸ்அப்பில் மீனவர் குழு நடத்துகிறோம். யாரோ ஒருவர் போட்ட தப்பான செய்திக்கு அட்மின் மேல் கேஸ் வரும் என்று பயந்து ஒருவரும் அட்மினாக வரமாட்டேன் என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், தொண்டி

அட்மினாக இருப்பதாலேயே பிறர் போட்டதற்குக் குற்றவாளி ஆக முடியாது என்பதே நீதிமன்றங்கள் சொன்னது. 2021 மார்ச்சில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் நாக்பூர் கிளையும், 2022 பிப்ரவரியில் கேரள உயர்நீதிமன்றமும் அப்படித் தீர்ப்பளித்தன. நம் ராமநாதபுரம் மாவட்டம் அடங்கும் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் 2021 டிசம்பரில், வெறும் அட்மின் என்பதைத் தவிர வேறு பங்கு இல்லையென்றால் குற்றப்பத்திரிகையில் அவர் பெயரைச் சேர்க்கக்கூடாது என்று காவல்துறைக்குச் சொன்னது. அட்மினே திட்டமிட்டு அதில் பங்கேற்றிருந்தால் கதை வேறு.

ஆனால் வாட்ஸ்அப்பில் ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது விக்கியைவிடக் கூடுதல் கவனம் வேண்டும். விக்கியில் நீக்கிய பக்கத்தை மீட்கலாம், யார் நீக்கினார் என்பது பதிவேட்டில் இருக்கும். வாட்ஸ்அப்பில் அட்மின் எல்லோருக்கும் அழித்த செய்தியைக் குழுவுக்குத் திருப்பிக் கொண்டுவர வழியில்லை; இன்ன அட்மின் அழித்தார் என்ற தடம் மட்டும் நிற்கும். ஓர் ஆளை நீக்கினால் முன்னாள் உறுப்பினர் பட்டியலில் 60 நாள் வரைதான் தெரியும். அதனால் அவசரக்காரரை விக்கியில்கூடச் சமாளிக்கலாம், இங்கே முடியாது. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். குழுவை உருவாக்கியவரை மற்ற அட்மின்கள் நீக்க முடியாது, அவராக வெளியேறினால்தான் உண்டு. அட்மின் ஒருவரும் மிஞ்சாமல் வெளியேறினால் வாட்ஸ்அப் தானாக யாரையாவது அட்மினாக்கிவிடும்.

புயல் நேரத்தில் 'அட்மின்கள் மட்டும் செய்தி அனுப்பலாம்' என்று மாற்றுங்கள். வானிலைத் துறை, மீன்வளத் துறை, கடல் தகவல் மையமான இன்காய்ஸ் இவற்றின் அறிவிப்பை மட்டும், வெளியான நேரத்தோடு போடுங்கள். நேரமில்லாத எச்சரிக்கை மறுநாளும் சுற்றிக்கொண்டே இருக்கும். இதைச் செய்ய இரவு விழித்திருக்கும் ஒருவர் அட்மின்களில் இருக்க வேண்டும். புயல் ஓய்ந்ததும் பழைய நிலைக்கு மாற்ற மறக்காதீர்கள். மறந்த குழுக்கள் அப்படியே ஊமையாகிவிட்டன.

பாசி எடுக்கும் பெண்கள்தான் எங்கள் குழுவில் பாதிக்கு மேல். ஆனால் அட்மின் என்றால் ஒருத்தரும் முன்வருவதில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, பாம்பன்

வெட்கம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சாதாரண வாட்ஸ்அப் குழுவில் அட்மினின் எண் எல்லோருக்கும் தெரியும். கோபித்துக்கொண்டவர் ராத்திரி பதினொரு மணிக்கு அழைப்பார். வீட்டில் 'இது உனக்குத் தேவையா?' என்ற கேள்வி வரும். ஆக, சரிசெய்ய வேண்டியது அந்த எண்ணை. அட்மின்களுக்கென்று பொதுவாக ஒரு தனி சிம் வாங்கி மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் டெலிகிராமுக்குப் போகலாம். அங்கே எண்ணை மறைக்கலாம், அட்மின் பெயர் காட்டாமல் குழுவின் பெயரிலேயே எழுதலாம், ஒவ்வொரு அட்மினுக்கும் எந்த அதிகாரம் என்று தனித்தனியாகக் கொடுக்கலாம். யார் எதை அழித்தார் என்ற பதிவையும் மற்ற அட்மின்கள் 48 மணி நேரம் வரை பார்க்கலாம்.

பொதுவில் 'யார் வருகிறீர்கள்?' என்று கேட்காமல், தகுந்தவரிடம் தனியே போய் 'உங்கள் பெயரை முன்மொழியலாமா, அக்கா?' என்று கேளுங்கள். ஒரு பெண்ணை மட்டும் போட்டு நிறுத்தாதீர்கள், இருவராகப் போடுங்கள். தட்டச்சு வராது என்று தயங்குபவர் குரல் பதிவில் பதில் சொல்லட்டும்.

எங்கள் விக்கியில் கச்சத்தீவு பற்றிய பக்கத்தில் பெரிய சண்டை. அதில் ஒரு தரப்பாக இருந்த நிர்வாகியே, தான் எழுதிய பதிப்பை வைத்துப் பக்கத்தைப் பூட்டிவிட்டார். இன்னொரு நிர்வாகி ஒரு வருடமாக எட்டியே பார்க்கவில்லை. இருவரையும் எப்படி இறக்குவது?
– வாசகர், உச்சிப்புளி

இரண்டும் வேறு வேறு, ஒன்றாகச் சேர்க்காதீர்கள். தான் கலந்துகொண்ட சண்டையில் தானே பூட்டுப் போடக்கூடாது என்பது பெரும்பாலான விக்கிகளில் அடிப்படை விதி. முதலில் அவரிடமே கேளுங்கள்: எந்த நாளில் எந்தப் பூட்டு, அதற்கு முன் அவர் செய்த திருத்தங்கள் எவை என்று இணைப்போடு. பூட்டை எடுத்துவிட்டால் அதோடு விடுங்கள். மறுத்தால் வாக்காளர்களில் ஐவர் கையெழுத்திட்டுத் திரும்ப அழைக்கும் வாக்கெடுப்பு நடத்தலாம் என்று விதியில் இருக்க வேண்டும். இல்லையென்றால் இப்போது சேருங்கள், ஆனால் அடுத்த சம்பவத்திலிருந்துதான் அது செல்லும் என்று எழுதுங்கள்.

எட்டிப் பார்க்காதவருக்கு வாக்கெடுப்பே வேண்டாம். விக்கிமீடியா திட்டங்களில் இரண்டு வருடம் ஒரு திருத்தமோ நிர்வாகச் செயலோ இல்லையென்றால் அணுக்கத்தை எடுத்துவிடுவதற்குப் பொதுக்கொள்கை 2013 முதல் இருக்கிறது. ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு வருடம். சிறிய தளத்துக்கு ஆறு மாதம் போதும். எடுக்கும் முன் ஒரு மாதம் அறிவிப்புக் கொடுங்கள். இதில் தண்டனை எதுவுமில்லை. பயன்படாத கணக்கின் கடவுச்சொல் திருடு போனால் முழுத் தளமும் போகும் என்பதுதான் காரணம். நன்றி சொல்லி எடுத்து, திரும்பி வந்தால் தேர்தல் இல்லாமலே தருவோம் என்றும் எழுதுங்கள்.

'விக்கிப்பீடியா நிர்வாகி எனக்குத் தெரிந்தவர், பணம் கொடுத்தால் உங்கள் விடுதிக்குக் கட்டுரை போட்டு நீக்காமல் பார்த்துக்கொள்கிறேன்' என்கிறார் ஒருவர். நம்பலாமா?
– வாசகர், ராமேஸ்வரம்

வேண்டாம். நிர்வாகிகளுக்குச் சம்பளம் கிடையாது, கட்டுரையைக் காப்பாற்றும் தனி உரிமையும் கிடையாது. ஒருவர் காத்ததை இன்னொருவர் நீக்கலாம். பணம் வாங்கிக்கொண்டு எழுதுபவர் யாரிடமிருந்து வாங்குகிறார் என்று வெளிப்படுத்த வேண்டும் என 2014 முதல் பயன்பாட்டு விதியிலேயே இருக்கிறது. அவர் பயனர் பக்கத்தில் அப்படி அறிவித்திருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது.

நிர்வாகித் தேர்தலில் நின்றேன், 61 சதவீதம்தான் கிடைத்தது. மறுபடி எப்போது நிற்கலாம்?
– வாசகர், கீழக்கரை

ஆறு மாதம் விடுங்கள். எதிர்த்தவர்கள் எழுதிய காரணங்களில் திரும்பத் திரும்ப வருவது எது என்று பாருங்கள். பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். 'நீக்கல் உரையாடல்களில் பார்த்ததில்லை' என்றிருந்தால் அங்கே போய் வேலை செய்யுங்கள். 'கோபக்காரர்' என்றிருந்தால் அதற்கு ஆறு மாதம் போதாது, ஒரு வருடம் எடுத்துக்கொள்ளுங்கள். எதிர்த்தவர்களிடம் தனிச்செய்தியில் காரணம் கேட்காதீர்கள். அடுத்த முறை நிற்கும்போது, பழைய வேண்டுகோளின் இணைப்பை நீங்களே முதல் வரியில் போட்டு, அந்த இரண்டு காரணங்களுக்கும் என்ன செய்தீர்கள் என்று எழுதிவிடுங்கள்.